கம்பளி போர்த்திய தீயணைப்பு நிலையம்!

கனடா நாட்டின் மேற்குக் கரையில் உள்ளது வான்கூவர். 1886ம் ஆண்டு, ஏப்ரல் மாதம்தான் அந்த ஊருக்கு, 'நகரம்' என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த இரண்டே மாதத்தில், ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமையன்று, அந்த நகரமே இல்லாமல் போய்விட்டது!

நடந்தது இதுதான். ரயில்வே கம்பெனி நிலத்தில் காட்டை வெட்டி, புதர்களையும், கட்டைகளையும் குவித்துக் கொளுத்திக் கொண்டிருந்தனர். திடீரென பலத்த காற்று கிளம்பியது. தீ ஊருக்குள் பாய்ந்தது. வீடு, கடை, நடைபாதை எல்லாமே மரத்தால் செய்தவை. ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய மொத்த ஊரும் சாம்பல்! பலர் உயிரிழந்தனர். மற்றவர்கள் கடலை நோக்கி ஓடி, படகுகளில் ஏறியும், மிதக்கும் கட்டைகளைப் பிடித்துக் கொண்டும் தப்பினர். எரிந்த ஊரில், கூடாரம் ஒன்றையே நகராட்சி அலுவலகமாக்கி வேலையைத் தொடங்கினர்.

அந்த ஊரில் தீயணைப்புப் படை இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது, குட்டீஸ். ஊர் மக்களே சேர்ந்து படை அமைத்து, இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கையில் வாளி, கோடாரி எல்லாம் இருந்தன. எஞ்சின் மட்டும் வரவில்லை. நீராவியால் இயங்கும் தீயணைப்பு எஞ்சின், எல்லாம் எரிந்து பல வாரங்களுக்குப் பின்தான் வந்து சேர்ந்தது!

இப்படிச் சூடுபட்ட நகரம், தீயணைப்பு நிலையம் விஷயத்தில் விளையாடுமா? அதே வான்கூவர் நகரம், 2022ல், தன் 17ம் எண் தீயணைப்பு நிலையத்தைப் புதிதாகக் கட்டித் திறந்தது. நகரின் தென்கிழக்கில், நைட் தெருவில் இருந்த பழைய நிலையத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் கட்டினர். வடிவமைத்தது எச்.சி.எம்.ஏ., என்ற கட்டடக்கலை நிறுவனம். தீயை அணைப்பதற்கான கட்டடம்தான். ஆனால், தன்னைச் சூடாக வைத்துக் கொள்ள மிகக் குறைந்த சக்தியே போதும் என்பது இதன் சிறப்பு. இதெல்லாம் பெரிய விஷயமா என்று நினைப்பவர்கள், தொடர்ந்து படியுங்கள்.

தூங்காத வீடு!

உங்கள் பள்ளிக்கூடம் மாலை 4:00 மணிக்கு மூடிவிடும். பிறகு விளக்கு, மின்விசிறி எதுவும் ஓடாது. அலுவலகங்களும் அப்படியே. தீயணைப்பு நிலையத்துக்கு இந்த சலுகையே கிடையாது. 24 மணி நேரமும், 365 நாளும் விழித்திருக்க வேண்டும். தீபாவளிக்கும் லீவு இல்லை, கிறிஸ்துமசுக்கும் லீவு இல்லை!

அதுமட்டுமல்ல... அது ஒரே கட்டடம் போலத் தெரிந்தாலும், உள்ளே ஐந்தாறு கட்டடங்கள் ஒளிந்திருக்கின்றன. வண்டி நிறுத்தும் பெரிய கூடம், வீரர்கள் படுக்கும் அறை, சமையலறை, உடற்பயிற்சிக் கூடம், குளியலறை, துணி வெளுக்கும் இடம், அலுவலகம், பயிற்சி இடம்... ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான வெப்பம் தேவை, ஒவ்வொரு விதமான காற்று தேவை.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 'தயாராக இரு' என்பதே சக்தியைத் தின்னும் வேலை. நீராவி எஞ்சின் காலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். மணி அடித்த பிறகு பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவி பிடித்து, பம்ப்பை ஓட்டுவதற்குள் வீடு எரிந்து முடிந்துவிடும். அதனால், நிலையத்தின் நிலவறையில் ஒரு கொதிகலன் ஓயாமல் எரிந்து கொண்டே இருக்கும். அங்கிருந்து மேலே நிற்கும் எஞ்சினுக்கு ஒரு குழாய். எஞ்சினில் உள்ள தண்ணீர் இரவு பகலாகச் சூடாகவே இருக்கும். குதிரைகள் வண்டியை இழுத்துக் கொண்டு கிளம்பும்போது, அந்த இணைப்பு தானே கழன்று கொள்ளும். எப்போதோ ஒருமுறை வரும் அழைப்புக்காக, மூட்டை மூட்டையாக நிலக்கரி செலவு!

குதிரை போய் டீசல் வண்டி வந்த பிறகும், இந்தப் பழக்கம் போகவில்லை. நிற்கும் வண்டியின் பேட்டரிக்கு எப்போதும் சார்ஜ் ஏற வேண்டும். காற்று பிரேக்கில் அழுத்தம் குறையாமல் இருக்க, சின்ன கம்ப்ரசர் வேலை செய்ய வேண்டும். குளிர் நாடுகளில் எஞ்சினையும் இளஞ்சூட்டில் வைத்திருப்பர். வண்டியின் தொட்டியில் கிட்டத்தட்ட 2,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அது உறைந்து பனிக்கட்டியாகி விட்டால், வண்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவில், தேசிய தீத்தடுப்புச் சங்கம் ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. தீ பற்றிய அழைப்பு நிலையத்துக்கு வந்ததும், வீரர்கள் உடையணிந்து, வண்டியில் ஏறி, கிளம்புவதற்கான நேரம் 80 வினாடி. தூக்கத்தில் இருந்து எழுந்து, 80 வினாடியில் உங்கள் ஷூ லேஸைக் கட்ட முடியுமா? சக்தியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று இந்த 80 வினாடியில் இரண்டு வினாடியைக் கூட்டினாலும், அந்த வடிவமைப்பு குப்பைக்குத்தான் போகும்.

யானை நுழையும் கதவு!

சரி, வீட்டில் குளிர் காலத்தில் கதவைத் திறந்து போட்டால் அம்மா என்ன சொல்வார்? "கதவைச் சாத்து!" தீயணைப்பு வண்டிக் கூடத்தின் கதவு, நான்கேகால் மீட்டர் அகலம், நான்கேகால் மீட்டர் உயரம் என்ற கணக்கில் இருப்பது வழக்கம். பெருக்கிப் பாருங்கள். ஒரு கதவே 18 சதுர மீட்டர். உங்கள் வகுப்பறையின் ஒரு பக்கச் சுவரையே பெயர்த்து எடுத்தது போல. மூன்று கதவு இருந்தால் மூன்று சுவர்!

ஒரு நாளைக்குப் பத்து அழைப்பு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, மொத்தம் 20 முறை கதவு திறக்கும். ஒவ்வொரு முறையும், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று 'புஸ்' என்று தெருவுக்குப் போய்விடும். வீரர்கள் புறப்பட்ட அவசரத்தில் கதவு திறந்தே கிடந்தால், கேட்கவே வேண்டாம்.

இதற்கு என்ன செய்யலாம்? கதவை வேகமாகத் திறந்து, வேகமாக மூட வைக்கலாம். கடை ஷட்டர் போல மேலே ஏறிப் போகும் கதவு, முழுவதும் திறக்கக் கால் நிமிடம் வரை எடுத்துக் கொள்ளும். அதற்குப் பதிலாக, புத்தகத்தின் பக்கங்கள் போல நான்காக மடிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கும் கதவுகள் வந்துள்ளன. ஏழு வினாடி வாக்கில் திறந்துவிடும். பக்கவாட்டில் திறப்பதால், வழி முழுவதும் விட்டதா என்று டிரைவர் கண்ணெதிரிலேயே தெரியும். மேலே ஏறும் கதவில், பாதி ஏறியதுமே அவசரத்தில் வண்டியை எடுத்து, கதவின் அடிப்பக்கத்தில் 'டமார்' என்று மோதிய கதைகள் ஏராளம். சக்தியும் மிச்சம், வினாடியும் மிச்சம், கதவும் மிச்சம்! இப்படி எல்லாருக்கும் லாபமான யோசனைகள் கட்டட வேலையில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. காற்றைச் சூடாக்கினால்தானே அது ஓடிப் போகும்? தரையைச் சூடாக்கினால்? கான்கிரீட் தரைக்குள் குழாய்களைப் புதைத்து, வெந்நீரை ஓடவிடுகின்றனர். கதவு திறந்து காற்று போனாலும், தடித்த தரை தன் சூட்டை இறுகப் பிடித்து வைத்திருக்கும். கதவு மூடிய சிறிது நேரத்தில் கூடம் மறுபடி கதகதப்பாகி விடும். மழையில் நனைந்து வந்த வண்டி சொட்டும் தண்ணீரும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஓடிவரும் வீரர் வழுக்கி விழ மாட்டார்.

கட்டடத்துக்குக் கம்பளி!

17ம் எண் நிலையம் பெற்றுள்ள சான்றிதழின் பெயர், 'பாசிவ் ஹவுஸ்!' இந்த முறையில் முதல் வீடுகள், 1991ல் ஜெர்மனியில் உள்ள டார்ம்ஸ்டாட் நகரில் கட்டப்பட்டன. உல்ப்காங் பைஸ்ட் என்ற இயற்பியலாளர் இதற்குக் காரணம். இவர் சொன்னது மிக எளிமையான விஷயம். குளிரடித்தால் அடுப்பைப் பெரிதாக்காதே. கம்பளியைப் போர்த்திக் கொள்!

சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் சுற்றி, தடிமனான வெப்பக் காப்புப் போர்வை. ஜன்னலுக்கு ஒரு கண்ணாடிக்குப் பதில் மூன்று கண்ணாடி. எங்கும் காற்று கசியாதபடி இடுக்குகளை அடைத்துவிட வேண்டும். கட்டி முடித்ததும், வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை மாற்றிச் சோதனை செய்வர். குறிப்பிட்ட அழுத்தத்தில், ஒரு மணி நேரத்தில், உள்ளே இருக்கும் காற்றின் அளவில் 0.6 பங்குக்கு மேல் கசியக் கூடாது. கசிந்தால் பெயில்! புகைக் குச்சியைக் கையில் வைத்துக் கொண்டு, எந்த இடுக்கில் கசிகிறது என்று தேடிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

இந்த முறையில் கட்டிய வீட்டைச் சூடாக்க, ஒரு சதுர மீட்டருக்கு, ஓர் ஆண்டுக்கு 15 யூனிட் வெப்பத்துக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது விதி. பத்துக்குப் பத்து அடி அறை என்றால், ஆண்டுக்குச் சுமார் 140 யூனிட். அதாவது, 1,000 வாட் ஹீட்டரை ஆண்டு முழுவதும் சேர்த்து 140 மணி நேரம் போட்டால் போதும். ஆறு நாள் கூட இல்லை!

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளரில், ஒரே அளவு வெந்நீரை அம்மாவையோ, அப்பாவையோ ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை மூடி போட்டு மூடி, கம்பளித் துணியால் நன்றாகச் சுற்றி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். அப்புறம், துணி சுற்றிய டம்ளரில், நீளமான எவர்சில்வர் கரண்டி ஒன்றைப் போட்டு, காம்பு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும்படி வைத்தும் செய்து பாருங்கள்.

அந்தக் கரண்டிதான், கட்டட வல்லுனர்களுக்குப் பெரிய தலைவலி! சூடான பாயசத்தில் போட்ட கரண்டியின் காம்பு சுடுகிறது அல்லவா? அதேபோல, உள்ளிருந்து வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் இரும்பு உத்திரமோ, கான்கிரீட் பலகையோ, வெப்பத்தை வெளியே கடத்திவிடும். சாதாரண வீட்டில் இதைச் சமாளிப்பது சுலபம். தீயணைப்பு நிலையத்தில் அப்படி முடியாது. ஏன் என்று சற்று நேரத்தில் சொல்கிறேன்.

கம்பளி போர்த்தியதும், மீதி கொஞ்சம் சூடு தேவைப்படுமே, அதை எங்கிருந்து எடுப்பது? பூமிக்குள் இருந்து! ஆழமாகத் துளை போட்டால், கீழே கோடையிலும் குளிர் காலத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் இருக்கும். வான்கூவர் போன்ற ஊரில் அது சுமார் 10 டிகிரி செல்ஷியஸ். பத்து டிகிரி எப்படிச் சூடாகும்? உங்கள் வீட்டு பிரிஜ்ஜின் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் ஜில்லென்ற பொருட்களில் இருந்தே வெப்பத்தைப் பிடுங்கி, பின்னால் தள்ளுகிறது பிரிஜ். அதே வேலையைத்தான் 'ஹீட் பம்ப்' செய்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால், மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தைக் கொண்டு வந்து தரும். கோடையில் இதையே திருப்பி ஓட்டி, உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பூமிக்குள் அனுப்பிவிடலாம்.

அமெரிக்காவில், சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்ஸக்வா என்ற ஊரில், 2011ல் கட்டிய 72ம் எண் தீயணைப்பு நிலையமும் இப்படிப் பூமியின் வெப்பத்தைப் பயன்படுத்துகிறது. மழை நீரையும் சேமித்து, கழிப்பறைக்கும், வண்டி கழுவவும் உபயோகிக்கின்றனர். தீயணைப்பு வண்டியைக் குடிநீரில் குளிப்பாட்டுவானேன்?

புகைக்கு என்ன வழி?

கசிவே இல்லாமல் கட்டடத்தை மூடிவிட்டால், மூச்சு முட்டாதா? முட்டும். அதுவும் இது தீயணைப்பு நிலையம். டீசல் வண்டி கிளம்பும்போது கக்கும் புகை ஒரு பக்கம். தீயை அணைத்துவிட்டு வரும் வீரர்களின் உடையில் ஒட்டியுள்ள கரி இன்னொரு பக்கம். பிளாஸ்டிக், சோபா, பெயின்ட் எல்லாம் எரிந்த நச்சுக் கரி அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை 2012லும், தீயணைப்பு வேலையையே 2022லும், புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது. ஊரைக் காப்பாற்றுகிறவர்கள், தங்கள் சொந்தப் படுக்கையறையில் விஷக் காற்றைச் சுவாசிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

முன்பெல்லாம் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அழுக்கு உடையும், கரி படிந்த ஹெல்மெட்டும் வீரத்தின் அடையாளமாகப் பெருமையுடன் மாட்டப்பட்டிருந்தன. இப்போது கட்டும் நிலையங்களில், போக்குவரத்து சிக்னல் போல, இடத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றனர். வண்டியும், அழுக்கு உடையும் இருக்கும் பகுதி சிவப்பு. கை, கால் கழுவி, குளித்து, உடை மாற்றும் பகுதி மஞ்சள். சாப்பிடும், தூங்கும் பகுதி பச்சை. சிவப்பில் இருந்து நேராகப் பச்சைக்குப் போக வழி கிடையாது.

இங்கேதான் சக்திக்கும், உடல்நலத்துக்கும் மல்லுக்கட்டு! புகையை விரட்ட வேண்டுமானால், நிறைய காற்றை வெளியே தள்ள வேண்டும். காற்றோடு வெப்பமும் போய்விடும். தள்ளாவிட்டால், நோய் வரும். இரண்டையும் காப்பாற்ற ஒரு கருவி இருக்கிறது. வெளியே போகும் அழுக்குக் காற்றும், உள்ளே வரும் சுத்தமான காற்றும், மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போகும். அப்போது போகும் காற்றின் சூடு, வரும் காற்றுக்கு மாறிவிடும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர், தன் கம்பளியைக் கழற்றி, உள்ளே வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவது போல! பாசிவ் ஹவுஸ் விதிப்படி, குறைந்தது முக்கால் பங்கு சூடாவது இப்படித் திரும்பக் கிடைக்க வேண்டும்.

தீயணைப்பு நிலையம் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது, வீரர்கள் 'சர்'ரென்று வழுக்கி இறங்கும் கம்பம்தானே? 1878ல், அமெரிக்காவின் சிகாகோ நகரில், 21ம் எண் படையின் கேப்டன் டேவிட் கென்யான் செய்த ஏற்பாடு அது. மேல் மாடியில் குதிரைக்கான வைக்கோலும் இருக்கும். வைக்கோல் இறக்க வைத்திருந்த கம்பத்தில் ஒருவர் வழுக்கி இறங்கியதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாகச் சொல்வர். ஆனால், சக்தியைச் சேமிக்க நினைக்கும் கட்டட வல்லுனருக்கு, கம்பம் என்பது தரையில் போட்ட பெரிய ஓட்டை! கீழே இருக்கும் வண்டிப் புகை, அந்த ஓட்டை வழியாக நேராகப் படுக்கையறைக்கு ஏறிவரும். கணுக்காலை உடைத்துக் கொண்டவர்களும் உண்டு. அதனால் புது நிலையங்கள் பலவற்றில் கம்பமே கிடையாது. வைத்தே தீருவேன் என்றால், கம்பத்தைச் சுற்றிக் காற்றுப் புகாத கதவு போட வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். கம்பம் இல்லாத தீயணைப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்க்க எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை வரும்?

கம்பம் போனால் என்ன, கோபுரம் இருக்கிறதே! பழைய நிலையங்களில் உயரமான கோபுரம் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில், எங்கே புகை கிளம்புகிறது என்று காவல் பார்க்க அது உதவியது. இன்னொரு வேலை, நனைந்த ஹோஸ் பைப்பைத் தொங்கவிட்டுக் காயப் போடுவது! ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நூல் உறை மக்கிவிடும். கோபுரத்தில் தொங்கவிட்டால், தண்ணீர் தானே கீழே வடிந்துவிடும். மேலெழும் காற்று உலர்த்திவிடும். ஹீட்டரும் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம். நம் வீட்டு மொட்டை மாடிக் கொடிதான் இது! 17ம் எண் நிலையத்திலும் இப்படி ஒரு கோபுரம் உண்டு. ஹோஸ் காயப் போடுவது மட்டுமல்ல, வீரர்கள் ஏணி ஏறிப் பழகுவதும் அதில்தான்.

அடுப்பில் தோசை!

சின்ன விஷயம் ஒன்று. சமையலறையில் ஒரு வீரர் சமைத்துக் கொண்டிருக்கிறார். 'டிரிங்...' என்று அழைப்பு. அடுப்பை அணைக்க மறந்து ஓடிவிட்டால்? சிரிக்காதீர்கள். தீயை அணைக்கப் போன நேரத்தில், தீயணைப்பு நிலையத்துச் சமையலறையே தீப்பிடித்த சம்பவங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன! அதனால், அழைப்பு மணி ஒலித்ததுமே அடுப்பு தானாக அணையும்படி புது நிலையங்களில் ஏற்பாடு செய்கின்றனர். மணியோடு அடுப்பை இணைத்தாயிற்று. அப்புறம் தேவையில்லாத விளக்கு, 'டிவி' இவற்றையும் அதே மணியோடு இணைப்பது கஷ்டமா என்ன? வீரர்கள் வெளியே போனதும் வெற்று அறைகள் தானே இருட்டாகிவிடும். அந்த 80 வினாடியில், "சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்" என்று யாரிடமும் சொல்ல முடியாது. கட்டடமே அதைச் செய்ய வேண்டும்.

விளக்கு என்றதும், ஒரு சுவையான தகவல். கலிபோர்னியாவில், லிவர்மோர் என்ற ஊரின் 6ம் எண் தீயணைப்பு நிலையத்தில், 1901ல் போட்ட பல்பு இன்றும் எரிகிறது! இடம் மாறியபோதும், 2013ல் ஒருமுறை மின்சாரக் கருவி பழுதானபோதும் என, எப்போதோ சில முறை அணைந்தது உண்டு. இரவில் அழைப்பு வந்தால் வீரர்கள் தடுக்கி விழாமல் இருக்க, அணைக்காமல் வைத்த விளக்கு. இப்போது அது இழுப்பது வெறும் 4 வாட். ஆண்டு முழுவதும் அணைக்காமல் எரித்தாலும் 35 யூனிட்தான். "ஆஹா, சிக்கனமான பல்பு!" என்று பாராட்டிவிடாதீர்கள். அதன் வெளிச்சம் இரவு விளக்கு போல மினுக்மினுக் என்றுதான் இருக்கும். அதே 4 வாட்டுக்கு, இன்றைய எல்.இ.டி., விளக்கு ஒரு சின்ன அறையையே பளிச்சென்று காட்டும். பெரியவருக்கு வயதுக்கான மரியாதை கொடுக்கலாம். வேலை வாங்க முடியாது!

பூமி குலுங்கினால்...

கரண்டி கதைக்கு வருவோம். வான்கூவர் இருப்பது நிலநடுக்கம் வரக்கூடிய இடம். அந்தக் கடற்கரைக்கு அப்பால், கடலுக்கு அடியில் ஒரு பூமித் தட்டு, இன்னொன்றின் கீழே நுழைந்து கொண்டிருக்கிறது. 1700ம் ஆண்டு, ஜனவரி 26ல் அங்கே சுமார் 9 அளவுக்குப் பூமி குலுங்கியது. கிளம்பிய கடல் அலை, பசிபிக் கடலையே தாண்டி ஜப்பானைத் தாக்கியது. ஜப்பானியர் எழுதி வைத்த குறிப்புகளில் இருந்துதான் தேதியையே துல்லியமாகக் கண்டுபிடித்தனர்!

அப்படி மறுபடி குலுங்கினால், ஊரில் கேஸ் குழாய் உடையும், மின்கம்பி அறுபடும், தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் தீயணைப்பு நிலையம் இடிந்து, வண்டிகள் உள்ளே மாட்டிக் கொண்டால்? 1886ல் எஞ்சின் இல்லாமல் நின்ற கதைதான். அதனால், கனடாவில் மற்ற கட்டடங்களை விட, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றை மிக உறுதியாகக் கட்ட வேண்டும் என்பது சட்டம். உறுதி என்றால், தடித்த கான்கிரீட், கனமான இரும்பு. அவை எல்லாமே பாயசத்தில் போட்ட கரண்டிகள்! ஒவ்வொரு தூணும், உத்திரமும் கம்பளிப் போர்வையைக் கிழித்துக் கொண்டு வெளியே எட்டிப் பார்க்காமல், பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். பூகம்பத்துக்கு அஞ்சும் இன்ஜினியர் ஒரு பக்கம் இழுப்பார். குளிருக்கு அஞ்சும் இன்ஜினியர் மறுபக்கம் இழுப்பார். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, வரைபடத்தை முடிப்பதே பெரும்பாடு.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் சக்தியைச் சேமிக்க வேண்டும்? மின் கட்டணம் குறையும். காற்று மாசும் குறையும். அது எல்லாரும் சொல்வது. இன்னொரு காரணம் இருக்கிறது. பூகம்பம் வந்து ஊரில் மின்சாரம் போனால், நிலையத்தின் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்கு டீசல் தொட்டி இருக்கும். சாலை எல்லாம் உடைந்து கிடக்கையில், புதிதாக டீசல் வந்து சேர எத்தனை நாளாகுமோ? ஒரு கட்டடம் அந்தத் தொட்டியை இரண்டு நாளில் குடித்துத் தீர்க்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் கால் பங்கே போதும் என்று இருக்கும் கட்டடம், அதே தொட்டியை வைத்துக் கொண்டு எட்டு நாள் விழித்திருக்கும். தொட்டி தீர்ந்தே போனாலும், கம்பளி போர்த்திய கட்டடம் சட்டென்று ஜில்லிட்டுப் போகாது. ஜனவரி மாதத்தில் அங்கே 4 டிகிரி வாக்கில்தான் வெப்பம் இருக்கும். கொட்டும் மழை வேறு. நனைந்து, களைத்துத் திரும்பும் வீரர்களுக்கு, உலர்ந்த கதகதப்பான அறையின் அருமை அப்போது தெரியும்.

நிலையத்தின் கூரையில் சூரிய சக்தித் தகடுகளும் உண்டு. வான்கூவரில் குளிர் காலத்தில் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். கோடையில்தான் நீண்ட பகல், நிறைய மின்சாரம். அந்த மாகாணத்தின் மின்சாரத்தில் பெரும் பகுதி, அணைகளில் இருந்து வரும் நீர்மின்சாரம்தான். அதனால், கேஸ் எரிப்பதை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறினாலே, கட்டடத்தின் கரிப்புகை பெருமளவு குறைந்துவிடும்.

வெயில் கொளுத்தும் ஊர்களில் இதே கட்டடத்தை அப்படியே கட்டினால் சரிப்படுமா? கம்பளி அங்கேயும் உதவும். ஐஸ் வண்டிக்காரர் சணல் சாக்கைச் சுற்றி ஐஸைக் காப்பது போல, வெளிச் சூட்டை உள்ளே விடாது. ஆனால் கூரைக்கு நிழல், ஜன்னலுக்கு மேல் நீண்ட தாழ்வாரம், வெயில் படாத திசையில் வண்டிக் கதவு என்று முதலில் யோசிக்க வேண்டியவை வேறாகிவிடும்.

இப்போது வடிவமைப்பாளர்களுக்குப் புதிதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் தீயணைப்பு வண்டி! அமெரிக்காவில், மாடிசன் நகரின் 8ம் எண் நிலையத்தில் 2021லும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2022லும் இவை வேலைக்கு வந்தன. கிளம்பும்போது புகை இல்லை, சத்தமும் குறைவு. சிவப்பு, மஞ்சள், பச்சைக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால், ஒரு பெரிய தீயில் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு, அடுத்த அழைப்பு வருவதற்குள் சார்ஜ் ஏற்ற வேண்டும். அரும்பாடு பட்டுச் சேமித்த மின்சாரத்தை எல்லாம், அந்த ஒரே வண்டி ஒரு மூச்சில் உறிஞ்சிவிடும். மின்சாரம் போன இரவில், கட்டடத்துக்கு முதலில் கொடுப்பதா, வண்டிக்கு முதலில் கொடுப்பதா? அதற்கேற்ற பேட்டரியை எங்கே வைப்பது, ஜெனரேட்டரை எவ்வளவு பெரிதாக வாங்குவது என்று, இப்போது கட்டப்படும் நிலையங்களின் வரைபடத்தில் கோடு போட்டு அழித்துக் கொண்டிருக்கின்றனர்.